2:22 ஓடியபோது இரண்டாம் இடம், 2:39 ஓடியபோது முதலிடம்: மாரத்தானில் வானிலை செய்யும் வேலை

2011 ஏப்ரலில் நடந்த பாஸ்டன் மாரத்தானில் டெஸிரீ டாவிலா என்ற அமெரிக்கப் பெண் 2 மணி 22 நிமிடம் 38 விநாடியில் ஓடி முடித்தார். இரண்டே விநாடியில் முதலிடம் கைநழுவியது. கென்யாவின் கரோலின் கிலெல் முந்திக்கொண்டார். ஏழு வருடம் கழித்து, 2018 ஏப்ரல் 16 அன்று, அதே பெண் டெஸ் லிண்டன் என்ற பெயரில் அதே சாலையில் ஓடினார். எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 39 நிமிடம் 54 விநாடி. முன்பைவிட 17 நிமிடத்துக்கும் மேல் தாமதம். ஆனால் அன்று வென்றவர் அவர்தான். 1985க்குப் பிறகு பாஸ்டனில் ஓர் அமெரிக்கப் பெண் வென்றது அதுவே முதல் முறை.

பாதை மாறவில்லை, தூரமும் அதே 42.195 கி.மீ. மாறியது வானம் மட்டும்தான். 2011இல் குளிர்ச்சியான காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வந்தது. 2018இல் 3, 4 டிகிரிக் குளிரில் கொட்டும் மழை, கூடவே முகத்தில் அறையும் எதிர்க்காற்று. மாரத்தான் நேரங்களைப் பற்றிப் பேசும்போது எந்தப் பாதை, எந்த ஷூ, எத்தனை மாதப் பயிற்சி என்றெல்லாம் கேட்கிறோம். அன்று வானிலை எப்படி இருந்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. அது தெரியாமல் இரண்டு நேரங்களை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

பாஸ்டனை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. ஹாப்கின்டன் என்ற சிற்றூரில் தொடங்கும் பாதை ஏறக்குறைய ஒரே நேராகக் கிழக்கு நோக்கிப் போய் பாஸ்டன் நகருக்குள் முடிகிறது. மேற்குக் காற்று அடித்தால் 42 கி.மீ.யும் முதுகில். அட்லாண்டிக் பக்கமிருந்து அடித்தால் 42 கி.மீ.யும் முகத்தில். அத்துடன் நாளும் கையில் இல்லை: ஏப்ரலின் மூன்றாவது திங்கட்கிழமை. அந்த வட்டாரத்தில் ஏப்ரல் என்பது குளிர்காலத்துக்கும் கோடைக்கும் நடுவே ஊசலாடும் மாதம். ஒரு வருடம் பனிக்குளிர், அடுத்த வருடம் சுட்டெரிக்கும் வெயில்.

1975இல் பில் ராட்ஜர்ஸ் குளிர்ந்த நாளில், முதுகுக் காற்றோடு, நடுவே நின்று ஷூ லேஸைக் கட்டி, நின்று தண்ணீர் குடித்து, அப்படியும் 2:09:55இல் வென்றார். அடுத்த வருடமே ஹாப்கின்டனில் வெப்பம் 38 டிகிரியைத் தொட்டது. அப்போதெல்லாம் ஓட்டம் தொடங்குவது நண்பகல் 12 மணிக்கு. வழியெங்கும் வீட்டுக்காரர்கள் தோட்டத்துக் குழாயை எடுத்து வந்து ஓடுகிறவர்கள் மேல் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். அந்த வருடப் போட்டிக்கே 'குழாய் ஓட்டம்' என்று பெயர் நிலைத்துவிட்டது. வென்ற ஜாக் ஃபுல்ட்ஸின் நேரம் 2:20:19. ஒரே வருட இடைவெளியில் முதலிடத்தின் நேரம் பத்து நிமிடத்துக்கும் மேல் கூடியது.

2011, 2012 ஜோடியும் இதே கதைதான். 2011இல் வென்ற கென்யாவின் ஜெஃப்ரி முட்டாயின் நேரம் 2:03:02. அதுவரை மனிதர் எவரும் மாரத்தானில் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. ஆனால் உலக சாதனையாக ஏற்கவில்லை. தொடக்கமும் முடிவும் இவ்வளவு தள்ளி இருக்கக் கூடாது, பாதை இவ்வளவு இறங்கக் கூடாது என்பது விதி. முதுகுக் காற்றும் இறக்கமும் சேர்ந்து தரும் இலவச உதவியைத் தடுக்கத்தான் அந்த விதியே. அடுத்த வருடம் வெயில் 30 டிகிரியைத் தாண்டியது. முடியாதவர்கள் இந்த வருடம் ஓடாமல் அடுத்த வருடம் வரலாம் என்று அமைப்பாளர்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டார்கள். முட்டாய் வயிற்றுப் பிடிப்போடு பாதியில் விலகினார். வென்ற வெஸ்லி கோரிரின் நேரம் 2:12:40.

சரி, வெயில் ஏன் ஓட்டத்தை இவ்வளவு பாதிக்கிறது? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோமீட்டருக்கு 60. இதில் கால்பங்குதான் நம்மை முன்னே நகர்த்துகிறது. மீதி முக்கால்பங்கு, அதாவது சுமார் 45 கிலோகலோரி, வெறும் சூடாகிறது. அந்த உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்ற 50 கிலோகலோரி போதும். அப்படியானால், உள்ளே உண்டாகும் சூடு வெளியே போகவே வழியில்லாமல் அடைபட்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உடல் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். 37இல் தொடங்கியவர் நான்காவது கிலோமீட்டரைத் தாண்டுவதற்குள் 40ஐத் தாண்டிவிடுவார். மீதி 38 கி.மீ. என்ற பேச்சுக்கே இடமில்லை.

மாரத்தான் ஓட முடிகிறது என்றால் அந்தச் சூட்டை உடல் நிமிடத்துக்கு நிமிடம் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். குளிர்ந்த நாளில் பெரும்பகுதி தோலிலிருந்து நேராகக் காற்றுக்குப் போய்விடும். காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையை நெருங்க நெருங்க அந்த வழி அடைபடுகிறது. மிச்சம் இருப்பது வியர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மேலே சொன்ன 60 கிலோக்காரர் மாரத்தான் முழுக்க உண்டாக்கும் சூடு 1,900 கிலோகலோரி அளவு. அதை வியர்வையால் மட்டுமே தீர்ப்பதென்றால் மூன்றேகால் லிட்டருக்கும் மேல் ஆவியாக வேண்டும்.

ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். வழிந்து கீழே சொட்டினால் பயனில்லை. தரையில் விழும் வியர்வைத்துளி சூட்டை எடுத்துக்கொண்டு போவதில்லை, உடம்பின் தண்ணீரையும் உப்பையும்தான் எடுத்துக்கொண்டு போகிறது. மெரினா பக்கம் காலையில் ஓடிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. எட்டாவது கிலோமீட்டரில் பனியன் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பதினைந்தாவதில் அரைக்கால்சட்டை நனைந்து தொடை உரசும். அப்புறம் கால் வழியே இறங்கி ஷூவுக்குள் போய், அடி வைக்கும் ஒவ்வொரு முறையும் சதக் சதக்கென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் ஆவியாகாமல் வீணாய்ப் போன வியர்வையின் சத்தம்.

இந்த இடத்தில் பலருக்கு ஒரு குழப்பம் வருகிறது, நின்று பார்த்துவிட்டுப் போவது நல்லது. வானிலை ஆப்பில் காலை ஐந்து மணிக்கு ஈரப்பதம் 90 சதவீதம் என்று காட்டும். பத்து மணிக்கு 65 என்று காட்டும். அப்படியென்றால் பத்து மணிக்கு ஓடுவதல்லவா நல்லது? இல்லை. அந்தச் சதவீதம், காற்று அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடிய அளவில் எவ்வளவு பங்கு நீராவி இருக்கிறது என்பதைச் சொல்கிறது. வெயில் ஏறினால் காற்றின் கொள்ளளவு கூடுகிறது, அதனால் சதவீதம் இறங்குகிறது. காற்றில் இருக்கும் நீராவி பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. அதே நீராவி, கூடவே அதிக வெப்பம், தலைக்கு மேல் சூரியன். சென்னையில் ஜனவரி மாதத்தில்கூட முழு மாரத்தானை விடிவதற்கு வெகு முன்பே, இருட்டில் தொடங்குவது இதனால்தான். சதவீதத்தைவிட பனிநிலை வெப்பநிலையை, அதாவது காற்றில் உள்ள நீராவி பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலையை, பார்ப்பது மேல். அது 20 டிகிரிக்கு மேல் போனால் உங்கள் வழக்கமான வேகத்தை மறந்துவிட்டு ஓடுங்கள்.

இதெல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் முறை ஒன்றும் இருக்கிறது. 1950களில் அமெரிக்க மரீன் படை வீரர்கள் பயிற்சியில் வெயில் தாங்காமல் விழுந்தபோது உருவாக்கியது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவுக்கு 70 சதவீதம், கறுப்பு வண்ணம் அடித்த உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானிக்கு 20 சதவீதம், சாதாரண வெப்பமானிக்கு 10 சதவீதம் என்று கூட்டுவார்கள். நாம் தினமும் செய்தியில் கேட்கும் வெப்பநிலைக்கு அதில் கிடைப்பது பத்தில் ஒரு பங்குதான். ஈரத்துக்குத்தான் சிம்மாசனம்.

2019இல் கத்தார் நாட்டின் தோஹாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இதற்கு நல்ல உதாரணம், வருத்தமான உதாரணமும்கூட. வெயிலைத் தவிர்க்கப் பெண்கள் மாரத்தானை இரவு 11:59க்குத் தொடங்கினார்கள். சூரியன் இல்லை. ஆனால் நள்ளிரவிலும் வெப்பம் 32 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. சக்கர நாற்காலிகளிலும் ஸ்ட்ரெச்சரிலும் வீராங்கனைகளை ஏற்றிப் போனார்கள். வென்ற ரூத் செப்ங்கெடிச்சின் நேரம் 2:32:43. அதற்கு முன் அந்தப் போட்டியில் இவ்வளவு மெதுவான நேரத்தில் யாரும் வென்றதில்லை. சூரியனிடமிருந்து தப்பினார்கள், ஈரத்திடமிருந்து தப்ப முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து டோக்கியோ ஒலிம்பிக்ஸ் மாரத்தானை வடக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி சப்போரோவுக்குக் கொண்டுபோனதற்குத் தோஹாதான் காரணம். அங்கும் வெயில் விடவில்லை. பெண்கள் போட்டிக்கு முந்தைய இரவில் தொடக்க நேரத்தை ஏழு மணியிலிருந்து ஆறு மணிக்கு மாற்றினார்கள்.

சூடு ஏறும்போது உடலுக்குள் ரத்தத்துக்குப் போட்டி வருகிறது. தசைக்கு ஆக்சிஜன் வேண்டும், அதற்கு ரத்தம். சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் ரத்தம் வேண்டும். வியர்வையால் ரத்தத்தின் நீரும் குறைந்துகொண்டே போகிறது. இருக்கிற குறைந்த ரத்தத்தை இரண்டு பக்கமும் அனுப்ப இதயம் வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. ஒரே வேகத்தில் ஓடினாலும் கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பு 150, 158, 165 என்று மெல்ல ஏறுவது இதனால்தான். ஒரு கட்டத்தில் மூளை தானே முடிவெடுத்து வேகத்தைக் குறைக்கிறது. அது சோம்பலும் இல்லை, மனவலிமைக் குறைவும் இல்லை, பாதுகாப்பு. அதையும் மீறித் தள்ளினால் என்ன ஆகும் என்பதை 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் உலகமே பார்த்தது. சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் மைதானத்துக்குள் ஒரு பக்கம் சாய்ந்து, இடது கை தொங்க, தள்ளாடி வந்தார். கடைசி ஒரு சுற்றுக்கு ஐந்தரை நிமிடத்துக்கும் மேல் ஆனது. கடைசித் தண்ணீர் மேசையை அவர் தவறவிட்டிருந்தார்.

தண்ணீர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1904 செயின்ட் லூயி ஒலிம்பிக்ஸில் தண்ணீர் குடிக்காமல் ஓடினால் உடலுக்கு என்ன ஆகும் என்று பார்க்க விரும்பிய அமைப்பாளர் வழியில் தண்ணீர் கிடைப்பதையே குறைத்துவிட்டார். 32 டிகிரி வெயில், புழுதிச் சாலை. 32 பேரில் 14 பேர்தான் முடித்தார்கள். அந்தக் கொடுமைக்கு நேர் எதிர்த் தவறைப் பின்னாளில் செய்யத் தொடங்கினோம்: தாகம் இல்லாவிட்டாலும் குடி, மேசைக்கு மேசை குடி. 2002 பாஸ்டனில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் இருக்க வேண்டியதைவிடக் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்து, ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தவர்களுக்கே அது அதிகம். அந்த வருடம் ஓர் இளம்பெண் அதனாலேயே இறந்தார். தாகத்துக்குக் குடியுங்கள், மீதியைத் தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள். தலையில் ஊற்றும் தண்ணீரும் ஆவியாகும்போது சூட்டை எடுக்கத்தான் செய்கிறது, அதற்கு உடம்பின் உப்பைச் செலவழிக்க வேண்டியதில்லை.

அப்படியென்றால் எந்த வெப்பநிலை நல்லது? பாரிஸ், லண்டன், பெர்லின், பாஸ்டன், சிகாகோ, நியூயார்க் ஆகிய ஆறு மாரத்தான்களில் 2001 முதல் 2010 வரை ஓடிய ஏறக்குறைய 18 லட்சம் பேரின் நேரங்களைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அலசினார்கள். ஓடுபவரின் தரத்தைப் பொறுத்து 4 முதல் 10 டிகிரிக்குள்தான் சிறந்த நேரங்கள் வந்தன. நம் ஊரில் கொடைக்கானலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீ குடிக்கும் குளிர். 2019 அக்டோபரில் வியன்னாவில் எலியூட் கிப்சோகே இரண்டு மணி நேரத்துக்குள் (1:59:40) ஓடிக் காட்டினாரே, அதற்கு ஒரே தேதியை மட்டும் நம்பியிருக்கவில்லை, எட்டு நாட்களை ஒதுக்கினார்கள். வானிலை அறிக்கையைப் பார்த்துக் கடைசியில்தான் நாளையும் மணியையும் முடிவு செய்தார்கள். அன்று பத்து டிகிரி அளவு, காற்று அடங்கிய காலை.

காற்றைத் தடுக்க அவருக்கு முன்னால் ஐந்து பேர் அணிவகுத்து ஓடினார்கள், பின்னாலும் இருவர். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஓடுபவர் முகத்தில் 20 கி.மீ. காற்று. எதிரே 20 கி.மீ. காற்று அடித்தால் முகத்தில் 40, எதிர்ப்பு நான்கு மடங்கு. பின்னாலிருந்து 20 அடித்தால் முகத்தில் பூஜ்யம். ஆனால் அந்தப் பூஜ்யம் குளிர்ந்த நாளில் வரம், வெயில் நாளில் சாபம். காற்று உங்கள் வேகத்திலேயே கூட வந்தால் தோலைத் தொட்டு விலகும் காற்றே இல்லை. வியர்வை ஆவியாகாது. உங்கள் சூட்டிலேயே நீங்கள் வெந்துகொண்டு ஓடுகிறீர்கள்.

மறுபடி 2018 பாஸ்டனுக்கு வருகிறேன். குளிர் நல்லது என்றால் அன்று ஏன் எல்லாரும் திணறினார்கள்? ஈரம்தான் இங்கும் வில்லன், ஆனால் திசை மாறி. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். நனைந்த சட்டைமேல் கடும் எதிர்க்காற்று அடித்தால், உடல் உண்டாக்கும் சூட்டைவிட இழக்கும் சூடு அதிகமாகிவிடுகிறது. குளிர்ந்த தசை விறைக்கிறது. விரல் மரத்துப்போய், ஓடும்போது சாப்பிடும் சத்துக்கூழ் (ஜெல்) பொட்டலத்தைப் பிரிக்க முடியாது. சாப்பிட முடியவில்லை என்றால் எரிபொருள் இல்லை, எரிபொருள் இல்லையென்றால் சூடும் இல்லை. உடலில் கொழுப்பே இல்லாத முன்னணி வீரர்கள் பலர் நடுங்கிக்கொண்டு மருத்துவக் கூடாரங்களுக்குள் போய்விட்டார்கள்.

லிண்டனும் விலகிவிடலாம் என்றுதான் நினைத்தார். எப்படியும் விலகப் போகிறோம், அதற்குள் யாருக்காவது உதவலாம் என்று பக்கத்தில் ஓடிய சக அமெரிக்க வீராங்கனை ஷலேன் ஃபிளனகனிடம் சொன்னார். ஃபிளனகன் கழிப்பறைக்கு ஒதுங்கினார். லிண்டன் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, அவரை முன்னணிக் கூட்டத்தோடு கொண்டுவந்து சேர்த்தார். அப்புறம் பார்த்தால் முன்னால் ஓடியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். கடைசி வரை மழைக்கோட்டைக் கழற்றாமலே வந்து வென்றார். இரண்டாவதாக வந்தவர் முழுநேரச் செவிலியர் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி செய்த சாரா செல்லர்ஸ். ஆண்களில் வென்றவர் ஜப்பானில் அரசு எழுத்தராக இருந்த யூகி கவாவுச்சி, நேரம் 2:15:58. 1976இன் அந்தக் குழாய் ஓட்டத்துக்குப் பிறகு ஆண்களில் இவ்வளவு மெதுவாக எவரும் பாஸ்டனில் வென்றதில்லை. கவாவுச்சி அந்த வருடம் ஜனவரி முதல் தேதியிலேயே அதே மாநிலத்தில் மைனஸ் 17 டிகிரியில் ஒரு மாரத்தான் ஓடி முடித்தவர். குளிர் அவருக்குப் புதிதல்ல.

பழக்கம் வெயிலுக்கும் உதவும். பத்துப் பதினான்கு நாள் வெயிலில் தொடர்ந்து பயிற்சி செய்தால் ரத்தத்தின் நீரளவு கூடுகிறது, வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, அதில் உப்புக் குறைகிறது. சென்னையில் வருடம் முழுக்க ஓடுகிறவருக்கு இது தானாகவே கிடைத்துவிடும். அவர் ஒருமுறை குளிரான ஊரில் போய் ஓடினால் தன் நேரத்தைக் கண்டு தானே ஆச்சரியப்படுவார். ஆனால் பழக்கத்துக்கும் எல்லை உண்டு. ஆவியாகாத வியர்வையை எந்தப் பயிற்சியும் ஆவியாக்காது.

இதில் என்னை அதிகம் உறுத்துவது ஒன்று. முன்னணியில் ஓடுகிறவர்களைப் பற்றித்தான் நாம் இவ்வளவும் பேசுகிறோம். வானிலைக்கு அதிக விலை கொடுப்பவர் பின்னால் வருகிறவர். வெப்பம் ஏற ஏற மெதுவாக ஓடுபவர்களின் நேரம் வேகமானவர்களுடையதைவிட அதிக சதவீதம் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. காரணம் எளிது. இரண்டு மணி நேரத்தில் முடிப்பவர் காலைக் குளிரிலேயே முடித்துவிடுகிறார். ஐந்து மணி நேரம் ஓடுபவருக்கு வெயிலும் அதே அளவு கூடுதல். கூட்டத்துக்கு நடுவே ஓடுவதால் மேலே படும் காற்றும் குறைவு.

2007 சிகாகோ மாரத்தானில் அக்டோபர் மாதம் 31 டிகிரி வெயில். பேட்ரிக் இவுட்டி 2:11:11இல் வென்று, நூலிழையில் வென்ற அந்த முடிவைப் பற்றி எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஆயிரக்கணக்கானோர் தண்ணீர் கிடைக்காமல் தவிப்பதாகப் புகார் எழுந்தது. மூன்றரை மணி நேரத்தில் ஓட்டத்தையே நிறுத்தி மீதிப் பேரை நடந்து போகச் சொன்னார்கள். பாஸ்டனில் அதே வருடத்திலிருந்து தொடக்கத்தை நண்பகலிலிருந்து காலை பத்து மணிக்கு மாற்றினார்கள். 2023 அக்டோபரில் மினியாபொலிஸ் வட்டார மாரத்தானை, வெப்ப அளவு எல்லை மீறும் என்று தெரிந்ததும், போட்டி நாள் விடியற்காலையில் ரத்தே செய்தார்கள். பல மாதம் பயிற்சி செய்தவர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது. ஆனாலும் அந்த முடிவு சரியானது.

நம் ஊர் ஓட்டங்களிலும் இந்தக் கணக்கைப் போட வேண்டும். விடியுமுன் தொடங்கி மூன்று மணி நேரத்தில் முடிப்பவர் இளவெயிலோடு வீட்டுக்குப் போய்விடுவார். ஆறு மணி நேரக்காரர் கடைசி பத்து கிலோமீட்டரை முழு வெயிலில், நிழலில்லாத சாலையில் நடந்தும் ஓடியும் கடக்கிறார். அவர் வந்து சேரும்போது தண்ணீர் மேசையில் ஐஸ் கரைந்துபோயிருக்கும், துடைத்துக்கொள்ளும் ஈரப் பஞ்சு தீர்ந்திருக்கும், பந்தலைப் பிரிக்க ஆள் வந்து நிற்பார். முதல் ஆயிரம் பேருக்குக் குளிர்ந்த தண்ணீர் இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகிவிடாது. ஐஸ் பெட்டியைக் கடைசி மேசைகளுக்கு ஒதுக்கிவையுங்கள். மருத்துவ வண்டியை, முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் நிறுத்தாமல், முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் ஒன்பதரை மணிக்கு நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.